கூரையில்லா இடம் தேடி: காவிரிக் கழிமுகத்தில் சுருட்டோடு ஏழு நாள்

முதல் நாள்: திருச்சி, உறையூர்

மாசி பிறந்து நான்கு நாள் ஆகிறது. மேட்டூர் அணைப் பாசனத் தண்ணீர் ஜனவரி 28-உடன் நிற்பது வழக்கம், ஆகவே ஆறுகளில் மணல் தெரிகிறது. சம்பா அறுத்த வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் தலைகாட்டிவிட்டன. சுருட்டுப் பிடிப்பவர்கள் கழிமுகத்தைச் சுற்ற இதுதான் மாதம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் ஈரம் சுருட்டை ஊறவைத்துவிடும். ஆடியில் வந்தால் நெருப்பை ஒரு பக்கம் நிறுத்தவே முடியாது.

இந்தக் குறிப்புகள் ஒரே கேள்விக்காக எழுதப்படுகின்றன. ஓட்டலில் கூடாது, பாரில் கூடாது, ரயிலில் கூடாது என்றான பிறகு, ஒரு சுருட்டை முக்கால் மணி நேரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பிடிக்க இங்கே எங்கே இடம்? தடை சரியானது என்பதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். மூடிய அறையில் அதன் புகை பக்கத்தில் இருப்பவர் மூச்சில்தான் போய்ச் சேரும். புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு வைத்துக்கொள்பவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் வரும். இதுவரை பிடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். பிடிப்பவர், அடுத்தவரைச் சேர்த்து இழுக்காமல் பிடிக்கும் வழி மட்டும் இங்கே.

திருச்சியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ட்ரிச்சினாப்பள்ளி' என்றாலே சுருட்டு என்று பொருள் கொண்டார்கள். உறையூரில் கையால் சுருட்டும் தொழில் இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டாலும் அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது. உறையூர்ச் சுருட்டும் கியூபா வகை சிகாரும் கட்டுமானத்தில் வேறு. சிகாரின் ஒரு முனை தொப்பி போட்டு மூடியிருக்கும், அதைச் சீவ வேண்டும். இந்தச் சுருட்டுக்கு இரண்டு முனையும் வெட்டுப்பட்டுத் திறந்தே இருக்கும். கட்டர் தேவையில்லை, நேரே வாயில் வைக்கலாம். மேலிலை தடிப்பு, புகை காரம். ஆகவே வெறும் வயிற்றில் வேண்டாம். பழக்கமில்லாதவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே வியர்த்துத் தலை சுற்றும். அப்போது சுருட்டைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை போட்ட எதையாவது குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் சரியாகும்.

வாங்கும்போது மூன்று சோதனை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கல்லுப் போலிருந்தால் அங்கே இலை திரண்டு கிடக்கிறது, புகை வராது. ஓரிடம் பொக்கென்று உள்வாங்கினால் நெருப்பு அந்த வழியே சுரங்கம் போல ஓடிவிடும். அடுத்து, மேலிலையில் குண்டூசிக் கண் அளவுக்கு ஓட்டையும் பெட்டியின் அடியில் பழுப்புத் தூளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் புகையிலை வண்டு. அந்தக் கட்டில் ஒன்றைக்கூட வாங்கக் கூடாது. கடைசியாக மூக்கு. வைக்கோல், வெல்லம், தோல் ஆகிய வாடைகள் நல்லவை. பூஞ்சை வாடை அடித்தால் வைத்துவிட வேண்டும். வெளிநாட்டு சிகார் வாங்குபவர், பெட்டியில் படத்தோடு கூடிய உடல்நல எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லாத பெட்டி முறையாக வந்த சரக்கு இல்லை.

ஏழு நாளுக்கு ஏழு சுருட்டு போதும், உடைசலுக்கு இரண்டு கூடுதல். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, ஒரு ஈரப்பதப் பையைப் போட வேண்டும். போவேடா போன்ற பைகள் 62, 65, 69, 72 என்று ஈரப்பதச் சதவீத எண் போட்டு வருகின்றன. நம் ஊருக்கு 72 வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு சிகாருக்கு 65, உறையூர்ச் சுருட்டுக்கு 62. வீட்டில் சாம்பார் போட்ட டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பெருங்காயம் போகாது, புது டப்பாவே எடுக்கவும். அந்த டப்பாவைக் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. மாசி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அடுப்பு மாதிரி ஆகிவிடும். இலையில் உறங்கும் வண்டு முட்டை பொரிய அந்தச் சூடே போதும்.

விமானத்தில் வருபவருக்கு ஒரு வார்த்தை: லைட்டரும் தீப்பெட்டியும் கைப்பையில் போகாது. திருச்சியில் இறங்கி ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொள்வதே எளிது.

இரண்டாம் நாள்: கொள்ளிடக் கரை

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் போகிறது. நடுவில் ஸ்ரீரங்கம். முக்கொம்புப் பூங்கா மரமும் நிழலுமாக ஆசை காட்டும், ஆனால் அங்கே வேண்டாம். குழந்தைகளோடு குடும்பங்கள் வருகிற இடம் அது. வானம் தெரிகிறது என்பதற்காக எல்லாம் திறந்தவெளி ஆகிவிடாது என்பதை நாளை சட்டத்தோடு பார்க்கலாம்.

இன்றைக்கான இடம் கொள்ளிடத்தின் மணல். ஆற்றின் அகலம் பெரிது, ஆள் நடமாட்டம் கரையோரத்தோடு நின்றுவிடும். கரையிலிருந்து ஐம்பது அறுபது அடி உள்ளே போனால் புகை யாரையும் தொடாது. மாலை நாலரைக்கு உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் முடிக்கலாம். இருட்டிய பிறகு இருக்கக் கூடாது. மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கி, மேலே சமமாகத் தெரியும். பகலிலேயே தடியால் தட்டிப் பார்த்து நடக்க வேண்டிய ஆறு இது. பாலங்களுக்கு நேர் கீழே உட்காருவதும் நல்லதல்ல, அங்கே காற்று சுழன்றடிக்கும்.

ஆற்று மணலில் சுருட்டைக் கெடுப்பது காற்றுதான். பற்றவைப்பதை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சிகாராக இருந்தால் தொப்பியிலிருந்து 2 மில்லிமீட்டர் மட்டும் சீவ வேண்டும். தொப்பி மேலிலையோடு சேரும் கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே வரும், பிறகு அதை நிறுத்த முடியாது. தீக்குச்சியைக் கிழித்ததும் உடனே கொண்டுபோகக் கூடாது. மருந்து எரிந்து முடிய இரண்டு நொடி விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் இழுப்பே கந்தக வாடை அடிக்கும். பிறகு வாயில் வைக்காமல், முனையைச் சுடருக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே காட்டி விரல்களுக்குள் சுழற்ற வேண்டும். இருபது முப்பது நொடியில் விளிம்பு முழுதும் கறுத்து ஓர் ஆரஞ்சு வளையம் எழும். அதன் பிறகுதான் வாயில் வைத்து, இன்னொரு குச்சியோடு இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு. குச்சிகள் நிற்காத காற்றென்றால் பியூட்டேன் ஜெட் லைட்டர். பெட்ரோல் ஊற்றும் பழைய வகை லைட்டர் வேண்டாம், அதன் வாடை கடைசி வரை போகாது. பெட்டிக்கடையில் தொங்கும் கனல் கயிறும் அப்படித்தான். சிகரெட்டுக்குச் சரி, சுருட்டில் வைத்தால் நார் புகைந்த வாசனை உள்ளே ஏறிவிடும்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசக்கும். காற்று பட்டுக்கொண்டே இருந்தால் நாம் இழுக்காமலேயே அது எரிந்து சூடேறும், அப்போது உள்ளங்கையைக் குவித்து மறைக்க வேண்டும். காற்று படும் பக்கம் சீக்கிரம் எரிந்து மறுபக்கம் தோணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது ஆற்று மணலில் தினசரி நடப்பது. பின்தங்கிய பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி இரண்டு நிமிடம் வைத்தால், அடியில் காற்றோட்டம் கூடுதலாகக் கிடைத்து அது எட்டிப் பிடித்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் நீட்டியிருக்கும் மேலிலையை மட்டும் லைட்டரால் தொட்டு எரிக்கலாம். இங்கே நீளமான சர்ச்சில் அளவைக் கொண்டுவருவது வீண். 7 அங்குல நீளம், ஒன்றரை மணி நேரம். அதற்குள் காற்று நாலு முறை திசை மாறும். நாலு அங்குலம், தடிமன் 46 முதல் 50 வரை போதும். (இந்தத் தடிமன் எண் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 48 என்றால் முக்கால் அங்குலக் குறுக்களவு.)

மூன்றாம் நாள்: தஞ்சாவூர்

கல்லணை வழியாக வந்து சேர்ந்தாயிற்று. அணையில் சுற்றுலாக் கூட்டம், அங்கே எதையும் பற்றவைக்க நினைக்கக் கூடாது. பெரிய கோவிலின் அகழி ஓரமும் அப்படியே.

இரவு தங்க வேண்டிய ஊர் என்பதால் அறையைப் பற்றிப் பேச இதுதான் நாள். சட்டத்தைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. அதன் கீழ் வந்த 2008 விதிகள் அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கின்றன. பொது இடம் என்பதில் பணியிடம், கேண்டீன், காபிக் கடை, பார், விருந்து மண்டபம், சினிமா கொட்டகை எல்லாம் அடங்கும். அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை அபராதம் நிர்வாகத்தின் தலையில் விழும். ஓட்டல்காரர் முகத்தைச் சுளிப்பதற்கு இதுதான் காரணம், அவர்மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

விதிவிலக்கு மூன்று வகை இடங்களுக்கு உண்டு. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம். இவை விரும்பினால் புகைக்கென்று தனியிடம் ஒதுக்கலாம்; ஒதுக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆக, கழிமுகத்து ஊர்களில் அறை தேடும்போது முதல் கணக்கு அறைகளின் எண்ணிக்கை. பன்னிரண்டு அறை லாட்ஜில் 'ஸ்மோக்கிங் ரூம்' என்று யார் சொன்னாலும் அது சட்டத்துக்குள் வராது.

முப்பதைத் தாண்டிய ஓட்டலில் என்ன கேட்க வேண்டும்? புகைபிடிக்கும் அறைகள் எல்லாம் ஒரே தளத்திலோ ஒரே பகுதியிலோ சேர்ந்திருக்க வேண்டும், அடையாளம் போட்டிருக்க வேண்டும், புகை நேராக வெளியே போக வேண்டும், மற்ற அறைகளுக்குள் நுழையக் கூடாது. தொலைபேசியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"சார், ஸ்மோக்கிங் ரூம் இருக்குங்களா?"

"இருக்கு சார். பிடிச்சுக்கலாம், ஜன்னலத் தொறந்து வச்சுக்கங்க."

இந்தப் பதில் வந்தால் அது ஒதுக்கிய அறை அல்ல. அடுத்த கேள்வி, "அந்த ரூமெல்லாம் தனி ஃப்ளோரா சார், வெளியே போர்டு இருக்குமா?" என்பது. தயங்கினால் சாதாரண அறையையே எடுத்துக்கொண்டு, சுருட்டை வெளியே வைத்துக்கொள்வது மேல். சிகரெட் வாடையைவிடச் சுருட்டு வாடை திரைச்சீலையிலும் மெத்தையிலும் அழுத்தமாக நிற்கும். அறையைச் சுத்தம் செய்பவரும் அடுத்து வந்து படுப்பவரும்தான் அதை அனுபவிக்க வேண்டியிருக்கும். ஒதுக்கிய அறை கிடைத்தாலும் ஏ.சி. ஓடும்போது பிடிக்கக் கூடாது. ஸ்பிலிட் ஏ.சி. அறைக் காற்றையே சுழற்றுகிறது. தார் அதன் வடிகட்டியில் படிந்து பிறகு எப்போது போட்டாலும் வீசும். ஏ.சி.யை நிறுத்தி, புகைவெளியேற்றும் விசிறியைப் போட்டு, முடித்த பிறகும் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும்.

உணவகத்தில் ஒதுக்கும் அறைக்கு விதி இன்னும் கடுமை. நாலு பக்கமும் மேல்தளம் வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு, வாசலோரத்தில் இருக்கக் கூடாது, புகைப்பதைத் தவிர வேறு எந்தச் சேவையும் உள்ளே கூடாது. கடைசி வரியைக் கவனிக்கவும். சாப்பாடும் குடிப்பும் பரிமாறிக்கொண்டே சுருட்டும் பிடிக்கும் மூடிய கூடம் என்பது இந்த விதியில் கிடையாது.

திறந்தவெளிக்கு வருவோம். சட்டம் திறந்தவெளியைப் பொது இடத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனால் விதிகள் சிலவற்றை மறுபடி உள்ளே இழுத்துவிட்டன: திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கு, ரயில் நிலையம், பேருந்து நிலையம், பேருந்து நிறுத்தம், இவை போன்று பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள். எனவே ஓட்டல் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு மேஜை போட்டிருந்தால் அது உணவகம்தான். மேஜையில்லாத, கூரையில்லாத மூலை இருக்கிறதா, அங்கே துணி காயவில்லையா, ஏ.சி. வெளிப்பெட்டிகளும் ஜன்னல்களும் காற்றுப்போக்கில் இல்லையா என்று பார்த்து, மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு உட்காரலாம். கேட்காமல் போய் உட்கார்வதைவிட, "முக்கால் மணி நேரம் ஆகும் சார், சாம்பல் டப்பா என்கிட்டயே இருக்கு" என்று முன்கூட்டியே சொல்வது நிறைய கதவுகளைத் திறக்கும். சாம்பல் தட்டு கேட்கக் கூடாது. புகைக்கத் தோதான பொருள் எதையும் பொது இடத்தில் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு விதி இருக்கிறது.

நான்காம் நாள்: கும்பகோணம்

சுருக்கமாகச் சொன்னால், ஊருக்குள் இடமில்லை. தெருவுக்குத் தெரு கோவில், குளம், ஒட்டி ஒட்டி வீடுகள். மாசி மகம் நெருங்கும் நாட்களில் மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கவே இடம் கிடைக்காது. சுருட்டை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

ஆனால் காபி இங்கேதான். ஒரு டிகிரி காபி குடித்து அரை மணிக்குள் சுருட்டைப் பிடித்தால், நாக்கில் படிந்த பால் கொழுப்பும் சர்க்கரையும் உறையூர்ச் சுருட்டின் காரத்தைத் தாங்கிக்கொள்ளும். பில்டர் காபியின் கசப்பும் சிக்கரியின் கருகல் மணமும் இந்த இலைக்கு மற்ற எந்தப் பானத்தைவிடவும் நன்றாகச் சேருகின்றன. கடைக்குள் பிடிக்க முடியாது; பிளாஸ்க்கில் இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போய்விடலாம்.

ஆற்றங்கரை என்றதும் நிழலான முதல் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது. இந்த மாதத்தில் வயலோரமெல்லாம் வைக்கோல் போர். உதிர்ந்த மூங்கில் சருகு, காய்ந்த தென்னை மட்டை, கீற்றுக் கொட்டகை, எல்லாமே ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. சுருட்டுச் சாம்பல் ஒரு அங்குலம் நீண்டு தானாக விழும்போது நடுவில் கனல் இருக்கக்கூடும். போரிலிருந்து குறைந்தது நூறு அடி, அதுவும் காற்று போரிலிருந்து நம்மை நோக்கி வரும் பக்கமாக. மண் வெறுமையாக இருக்கும் வரப்போ, படித்துறையின் கல்லோ நல்லது. படித்துறையில் யாராவது குளிக்கவோ துவைக்கவோ வந்தால் எழுந்து விலகிவிட வேண்டும். அது அவர்களின் இடம்.

மூடியுள்ள பழைய டின் ஒன்றில் பாதிக்கு ஈர மணல் போட்டுக் கையிலேயே வைத்திருப்பது இந்தப் பயணத்தில் சுருட்டுக்கு அடுத்த முக்கியச் சாமான். சாம்பல், குச்சி, மிச்சத் துண்டு மூன்றும் அதற்குள். துண்டை நசுக்கி அணைக்கக் கூடாது, நசுக்கினால் நாற்றம் கிளம்பும். மணலில் குத்தி வைத்துவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கும். அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளோடு வருவார்கள், மாடும் மேயும். நிகோடின் ஊறிய துண்டு அவற்றின் வயிற்றுக்குப் போகக் கூடாது. ஆற்றிலும் போடக் கூடாது.

ஊர் எல்லையில் முனீஸ்வரன், கருப்பசாமி சந்நிதிகளில் சாமிக்குச் சுருட்டு படைத்திருப்பதைப் பார்க்கலாம். அது படையல். அதைக் காரணம் காட்டி நாமும் அங்கே நின்று பிடிக்கலாம் என்று எண்ணக் கூடாது. பூசாரி எடுத்துக் கொடுத்தால் பெற்றுக்கொண்டு வந்து வெளியே பிடிப்பது முறை.

ஐந்தாம் நாள்: மயிலாடுதுறை வழியே தரங்கம்பாடி

கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்தால் பெட்டியிலும் நடைமேடையிலும் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ரயில்வே சட்டம் 167-ஆம் பிரிவு தனியாக 100 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது; வந்தே பாரத் போன்ற வண்டிகளில் கழிவறையில் புகைத்தால் உணர்கருவி வண்டியையே நிறுத்திவிடும். வாடகைக் கார் பொது வாகனம். ஓட்டுநர் "பரவால்ல சார்" என்று சொன்னாலும் அவர் நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருப்பவர்.

தரங்கம்பாடி, 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். கோட்டைக்கு முன்னாலுள்ள கடற்கரையில் மாலையில் கூட்டம். விடியற்காலை வேறு மாதிரி. ஏழு மணிக்கு முன் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். புகையைக் கடல் பக்கம் எடுத்துக்கொள்ளும், ஊருக்குள் போகாது. பத்து பதினொன்றுக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும். அப்போது கரையில் பிடித்தால் புகை நேராக மீனவர் வீடுகளுக்குள் நுழையும். எனவே இங்கே சுருட்டு என்றால் விடியல்தான், அதற்கு முன் இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

கோட்டையைத் தாண்டி ஆள் இல்லாத மணலுக்கு நடக்கவும். படகும் வலையும் இருக்கும் பக்கம் கூடவே கூடாது. நைலான் வலையில் ஒரு பொறி விழுந்தால் உருகி ஓட்டை விழும். ஒரு வலை ஒரு குடும்பத்தின் முதல். படகு இயந்திரத்துக்கான எரிபொருள் கேன்களும் பக்கத்திலேயே கிடக்கும்.

விடியலில் வரும் தொல்லை ஈரம். ஏ.சி. அறையில் இரவு முழுதும் குளிர்ந்த டப்பாவை நேரே கடற்கரையில் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது மாதிரி சுருட்டும் வேர்க்கும். உள்ளிலை ஊதும், மேலிலை அதே வேகத்தில் விரியாது, முனையில் வெடித்துவிடும். டப்பாவைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்து, சூடு சமமான பிறகு எடுக்க வேண்டும். வெடித்துவிட்டால் கெட்டியான சோற்றுக் கஞ்சி ஒரு துளி, விரல் நுனியால் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அலைத் தூவானம் படும் இடத்தில் உட்காரக் கூடாது. உப்புத் துளி விழுந்த இடத்தில் மேலிலை எரியாமல் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஏன் என்பதற்கு ஏழாம் நாளில் வேதாரண்யம் பதில் சொல்லும்.

ஆறாம் நாள்: காரைக்கால், நாகப்பட்டினம்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மதுக்கடை, வரி எல்லாம் வேறு என்பதால் புகைக்கும் விதியும் தளர்வாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். புகையிலைச் சட்டம் மத்தியச் சட்டம். எல்லைப் பலகையைத் தாண்டினாலும் அதே 30 அறை, அதே 30 இருக்கை, அதே 200 ரூபாய். பாரில் மற்றவர்கள் புகைத்துக்கொண்டிருப்பது அனுமதி ஆகாது. தமிழ்நாட்டில் ஹூக்கா பார்களுக்குத் தனிச் சட்டத்திருத்தத்தால் முழுத் தடையே இருக்கிறது.

ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டும் பிடிக்க வேண்டும் என்றால், தெரிந்தவர் தென்னந்தோப்பைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. தனியார் இடம், கூரையில்லை, மரம் காற்றை உடைக்கும். காய்ந்த மட்டையைப் பெருக்கி ஆறடி வட்டம் வெறும் மண்ணாக்கிக்கொண்டு நாற்காலி போட வேண்டும், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் வீட்டிலிருந்து தள்ளி, புகை வீட்டுப் பக்கம் போகாத திசையில். முடித்துவிட்டு நேரே வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. சட்டையிலும் தலைமுடியிலும் புகை இருக்கும். கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போகலாம்.

நாகப்பட்டினத்தில் இன்று எதுவும் இல்லை. நல்ல மீன் குழம்பு கிடைத்தது, அது போதும்.

ஏழாம் நாள்: வேதாரண்யம், கோடியக்கரை

புகையிலை விளையும் மண்ணுக்கு வந்தாயிற்று. வேதாரண்யம் புகையிலை தமிழ்நாடு முழுதும் பெயர் போனது, ஆனால் வெற்றிலையோடு மெல்லுவதற்கு. இவ்வளவு புகையிலை விளையும் இடத்தில் சுருட்டுத் தொழில் ஏன் உறையூர் மாதிரி வளரவில்லை? மண்ணையும் தண்ணீரையும் பார்த்தால் புரியும். கடலோர மணல், உவர்ப்பு ஏறிய கிணறுகள். அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடை இலை உறிஞ்சிக்கொள்ளும். குளோரைடு ஏறிய இலை காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நெருப்பைத் தாங்காது. மெல்லும் இலைக்கு அந்த ஈரமும் மென்மையும் நல்லது; சுருட்டில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணையும். பொட்டாசியம் நேர்மாறு, இலை சீராகக் கனிந்து எரிய உதவுவது. தரங்கம்பாடியில் அலைத்துளி பட்ட இடம் எரியாமல் நின்றதும் இதே காரணத்தால்தான். நினைவுக்கென்று இங்கே இலை வாங்கிப் போய்ச் சுருட்டிப் பார்க்க நினைப்பவர் இதை யோசித்துக்கொள்ளவும்.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊரும் இதுவே. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைப் பார்த்துவிட்டு, சுருட்டுப் பெட்டியின் ஈரமானியைச் சோதிக்க உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முறை இது: ஒரு பாட்டில் மூடியில் உப்பு நிரப்பி, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் பையில் போட்டு மூடி, பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75-ல் நிற்கும். மானி 71 காட்டினால் அது எப்போதும் நாலு குறைத்துக் காட்டுகிறது என்று அறிந்து, கூட்டிப் படித்துக்கொள்ளலாம். ஆனால் உப்பளத்துக் கல்லுப்பு இதற்கு உதவாது. அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது தன் பங்குக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டு 75-ஐக் கீழே தள்ளிவிடும், நல்ல மானியும் பொய் சொல்வதாகத் தோன்றும். கடையில் விற்கும் தூள் உப்புப் பாக்கெட்டே சரி.

கோடியக்கரையில் 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். வெளிமானும் பூநாரையும் உள்ள இடம், இந்த மாதத்தில் புல் காய்ந்து கிடக்கும். சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி நெருப்பு மூட்டுவதையும் விட்டுச்செல்வதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. டப்பாவும் தீப்பெட்டியும் தங்கும் அறையிலேயே இருக்கட்டும். உள்ளே சட்டைப்பையில்கூட வேண்டாம்.

கடைசிச் சுருட்டுக்கு வேதாரண்யத்துக் கடற்கரை மணலே இடம். இங்கே கடல் ஆழமில்லை, அலை சிறிது, தூவானம் கரைக்கு வராது. கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் உறையூர்ச் சுருட்டு ஒன்று நாற்பது நிமிடம் சீராக எரியும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே வைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே தாரும் சூடும் சேர்ந்து சுவை போய்விடும்.

பேருந்து நிலையம் முழுதும், கூரையில்லாத பக்கமும் சேர்த்து, தடைக்குள் வரும். பேருந்து ஏறுமுன் டின்னின் மூடியை இறுக்கிக்கொள்ளவும். மிஞ்சிய சுருட்டுகளை வீட்டுக்குப் போனதும் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், பிறகு மூன்று நாள் ஃப்ரீசரிலும், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்து, பையைத் திறக்காமல் ஒரு நாள் அறைச் சூட்டில் விட்டு எடுக்க வேண்டும். ஏழு நாள் வெயிலில் அலைந்த பெட்டி அது. நேரே ஃப்ரீசரில் போட்டால் மேலிலை வெடிக்கும், போடாவிட்டால் வண்டு பொரிந்து பழைய பெட்டிகளுக்கும் பரவிவிடும்.